சிம்பன்சியின் கைக்கருவியும் தீவகத்தின் கைவினையும்

பிரித்தானிய விலங்கின ஆய்வாளர் ஜேன் குடால் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி தமது 91ஆவது வயதில் காலமானார். அவரைப் பற்றி வெளிவந்த இரங்கற் குறிப்புகளில் ஒரு செய்தி தவறாது இடம்பெற்றது. கருவி செய்து பயன்படுத்தும் ஆற்றல் மனிதனுக்கு மட்டும் உரியதன்று, சிம்பன்சிகளுக்கும் உண்டு என்பதை அவர் உலகுக்கு எடுத்துக்காட்டினார் என்பதே அச்செய்தி. குரங்கினத்துக்கும் இவ்வளவு அறிவா என்று வியந்து, அவ்வியப்போடு நம்மிற் பலர் அப்பக்கத்தைப் புரட்டியிருப்போம். ஆனால், குடால் தொடங்கிவைத்த அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆய்வின் பெரும் பேறு அந்த வியப்பில் இல்லை. ஒரு விலங்கு எவ்வளவு புத்தியுள்ளது என்பதை விட, அப்புத்தி ஒரு கையிலிருந்து மறு கைக்கு எவ்வாறு போய்ச்சேர்கிறது, எப்போது போய்ச்சேராமல் அறுந்துபோகிறது என்பதே அது கற்பிக்கும் முதன்மையான பாடம். போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் தலைமுறைகளைப் பிரித்துவைத்த தீவக மக்களாகிய நாம் அப்பாடத்தைச் சற்று ஆழமாகப் படிப்பது பொருத்தமானது.

முதலில் ஒரு விளக்கம். சிம்பன்சி நமது ஊர்களிற் காணும் குரங்கு அன்று. வாலில்லாத மனிதக் குரங்கினத்தைச் சேர்ந்தது. கொரில்லா, ஒராங்உட்டான், பொனோபோ ஆகியன அதன் இனத்தவை. அதன் தாயகம் ஆபிரிக்கக் காடுகள். மனிதனின் தோற்றம் குறித்துச் சமயமும் அறிவியலும் கூறுவனவற்றை ஈண்டு நாம் விவாதிக்கப் புகவில்லை. கண்ணாற் கண்டு பதிவுசெய்யப்பட்ட நடத்தைகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம்.

புற்றும் புல்லும்

1960ஆம் ஆண்டு ஜூலை மாதம் தன்சானியாவின் கொம்பே காட்டுக்குச் சென்றபோது ஜேன் குடாலுக்கு 26 வயது; பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், தாம் 'நரைத்தாடி டேவிட்' என்று பெயரிட்டிருந்த ஆண் சிம்பன்சி ஒன்று கறையான் புற்றின் அருகே அமர்ந்திருப்பதை அவர் கண்டார். அது நீண்ட புல்லொன்றைப் புற்றின் துளைக்குள் நுழைத்துச் சற்றுப் பொறுத்து வெளியே இழுத்தது. புல்லைக் கவ்வியபடி வந்த கறையான்களை உதட்டால் வழித்துத் தின்றது. பின்னர் சிறு கிளைகளை ஒடித்து, இலைகளை உருவியெறிந்து, அதே தேவைக்குப் பயன்படுத்துவதையும் அவர் கண்டார். கிடைத்ததை எடுத்துப் பயன்படுத்துவது ஒன்று. தேவைக்கு ஏற்ப அதைத் திருத்தியமைப்பது வேறொன்று. இரண்டாவது கருவி செய்தலாகும்.

அக்காலத்து மானிடவியல் நூல்கள் மனிதனைக் 'கருவி செய்யும் உயிர்' என்றே வரையறுத்தன. ஆகவே, குடாலை அங்கு அனுப்பிய அறிஞர் லூயி லீக்கி, இனிக் கருவி என்பதற்கோ மனிதன் என்பதற்கோ புதிய வரையறை தேட வேண்டும், இல்லையேல் சிம்பன்சியையும் மனிதரோடு சேர்க்க வேண்டும் என்ற கருத்தில் பதில் எழுதினார்.

சிக்கலைத் தீர்க்கும் ஆற்றல்

கொம்பேக்கு முன்னரே, சிம்பன்சியின் சிந்தனைத் திறன் ஒரு தீவிலே சோதிக்கப்பட்டிருந்தது. ஸ்பானியாவுக்குரிய கனேரித் தீவுகளில் ஒன்றான தெனரீஃபில் ஜேர்மன் உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் 1913 முதல் 1920 வரை ஆய்வு நடத்தினார். கூண்டுக்கு வெளியே எட்டாத தூரத்தில் வாழைப்பழத்தை வைப்பார். அல்லது உயரத்திற் கட்டித் தொங்கவிடுவார். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறிச் சில சிம்பன்சிகள் பழத்தைப் பறித்தன. 'சுல்தான்' என்ற சிம்பன்சியிடம் இரண்டு மூங்கிற் குழாய்கள் கொடுக்கப்பட்டன. தனித்தனியே இரண்டும் பழத்தை எட்டா. ஒரு மணி நேரத்துக்கு மேலாக முயன்று தோற்றபின், அது பழத்தை விட்டு விலகியிருந்து குழாய்களை வைத்து விளையாடத் தொடங்கியது. அவ்வேளை ஒன்றின் துளையும் மற்றையதன் முனையும் நேர்கோட்டில் வந்தன. உடனே சிறியதைப் பெரியதற்குள் செருகியது; நீண்ட கோலோடு கம்பியண்டை ஓடிப் பழத்தை இழுத்துக்கொண்டது.

இதனைக் கோலர் திடீர் உள்ளொளி என்றார். எனினும், அந்த ஒளி வெறுமையிலிருந்து தோன்றுவதில்லை என்பதை 1945இல் ஹெர்பர்ட் பேர்ச் என்பவர் காட்டினார். கோல்களைக் கையாண்டு பழகாத இளம் சிம்பன்சிகளிற் பெரும்பாலானவை எளிய கோற்சோதனையிலும் தோற்றன. மூன்று நாட்கள் கோல்களோடு தம் விருப்பப்படி விளையாட விட்டபின் அவை யாவும் வெற்றிபெற்றன. கையின் பழக்கமே மூளையின் வழியைத் திறக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. பிள்ளைகளின் கையிலிருந்து மண்ணையும் மரத்தையும் கயிற்றையும் பறித்துவிட்டுப் புத்தகத்தை மட்டும் திணிக்கும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

குடத்தில் கல்லிட்டு நீர் அருந்திய காகத்தின் கதை நமது பாலர் வகுப்புக்குப் பழகிய கதை. குடிநீருக்கு வாடும் தீவுகளில் அது கதையாக மட்டும் ஒலிப்பதில்லை. காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் என்னும் பறவைகள் உண்மையிலேயே கற்களை இட்டு நீர்மட்டத்தை உயர்த்தி, மிதந்த புழுவை எடுத்ததை 2009இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 2007இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் ஒராங்உட்டான்களுக்குச் செங்குத்தான கண்ணாடிக் குழாயின் அடியிற் கிடந்த நிலக்கடலையைக் காட்டினர். அவை வாயில் நீரை நிரப்பி வந்து குழாய்க்குள் உமிழ்ந்து, கடலையை மிதக்கச் செய்து எடுத்தன. இதே சோதனை சிம்பன்சிகளுக்கு வைக்கப்பட்டபோது சில மட்டுமே வழியைக் கண்டன, பல காணவில்லை. தனியொரு விலங்கின் கூர்மைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் அதனைக் கொண்டுசெல்வது எது?

கையளிக்கப்படும் அறிவு

மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டிலுள்ள தை காட்டில் சிம்பன்சிகள் கொட்டை உடைக்கின்றன. பட்டடை போன்ற வேரின் மீதோ கல்லின் மீதோ கொட்டையை வைத்து, மரத்தடியாலோ கல்லாலோ அடிக்கின்றன. காண்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. கொட்டை உருளாத பள்ளம் வேண்டும். தகுந்த நிறையுள்ள கல் வேண்டும். பருப்பு நசுங்காத அளவில் அடி விழ வேண்டும். அங்கு 1979 முதல் ஆய்வுசெய்த கிறிஸ்ரோஃப் போஷ், ஹெட்விக் போஷ் தம்பதியர், ஒரு குட்டி இத்தொழிலில் முழுத்தேர்ச்சி பெறப் பத்தாண்டளவு ஆகலாம் என்று கண்டனர். அதுவரை தாயின் அருகிருந்து பார்க்கிறது. தாய் உடைத்ததைத் தின்கிறது. தாய் விட்டுச்சென்ற கல்லை எடுத்துத் தப்பும் தவறுமாக அடித்துப் பார்க்கிறது.

கினி நாட்டின் பொசூ என்னும் இடத்தில் யப்பானிய ஆய்வாளர்கள் 1976 முதல் கவனித்த கூட்டம் எண்ணெய்ப் பனையின் கொட்டையை இரு கற்களால் உடைப்பது. அங்கு குட்டிகள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இத்தொழிலுக்குள் நுழைகின்றன. ஏழு வயதளவிலும் கல்லாதவை பின்னர் கற்பது அரிது. கற்கும் பருவம் என்று ஒன்று உண்டு. அது கடந்தால் கதவு மூடிவிடுகிறது.

கொங்கோவின் கூவாலூகோ காட்டுத் தாய்மார் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றனர். அங்கு கறையான் பிடிக்க, முனையைத் தூரிகைபோல் கடித்துப் பிரித்த தண்டு வேண்டும். குட்டி கேட்டால் தாய் தன் கருவியைக் கொடுத்துவிடுகிறது. அதனால் தன் உணவு குறைவதையும் பொறுத்துக்கொள்கிறது. சில தாய்மார் கருவியை நெடுக்காகக் கிழித்துப் பாதியைக் குட்டிக்குக் கொடுப்பதும், முன்கூட்டியே மேலதிகக் கருவிகளைக் கொண்டுவருவதும் 2016இல் வெளியான ஆய்வில் பதிவாகியுள்ளன. தன் வயிற்றுக்கு வரும் இழப்பைப் பொறுத்துப் பிறர் கற்க இடங்கொடுத்தலையே ஆய்வாளர்கள் இங்கே கற்பித்தல் என்கின்றனர்.

இது இயல்பூக்கமே, எந்தச் சிம்பன்சியும் தானாகக் கண்டுகொள்ளும் என்று ஒருவர் கூறலாம். அதற்கு இரண்டு மறுமொழிகள் உள. பொசூவிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிம்பா மலையின் செரிங்பாரா சிம்பன்சிகள் முன்னர் கொட்டை உடைத்து அறியா. ஆய்வாளர்கள் கொட்டைகளையும் கற்களையும் அவற்றின் வழியிலே கொண்டுபோய் வைத்தனர். அவற்றுள் ஒன்றேனும் உடைக்கவில்லை என்று 2022இல் அறிவித்தனர். மற்றையது சாம்பியாவின் சிம்ஃபுன்ஷி சரணாலயத்தில் நடந்தது. இழுப்பறையைத் திறந்து பிடித்து, மரப்பந்தை உள்ளே இட்டு, மூடினால் கடலை கிடைக்கும் பெட்டி ஒன்றை 66 சிம்பன்சிகளிடையே வைத்தனர். மூன்று மாதங்களில் ஒன்றும் வழியறியவில்லை. பின்னர் கூட்டத்துக்கு ஒன்றாக இரு சிம்பன்சிகளுக்கு மட்டும் பயிற்சியளித்து மீண்டும் விட்டபோது, அவற்றைப் பார்த்து வேறு 14 சிம்பன்சிகள் கற்றுக்கொண்டன. இவ்வாய்வு 2024இல் வெளிவந்தது. தனித்து நின்றவரை ஒன்றுக்கும் எட்டாதது, அறிந்த ஒருவரைக் கூட்டத்துள் சேர்த்ததும் பலருக்கு எட்டியது.

நம் முன்னோர் கண்டது

இவ்வுண்மை நமது மரபுக்கு முற்றிலும் புதியதன்று. குறுந்தொகையின் 69ஆம் பாடலில், கணவனை இழந்த பெண் குரங்கு உயிர்துறக்கத் துணிகிறது. அதற்கு முன், தன் தொழிலை இன்னும் கற்றிராத குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைக்கிறது. புலவர் பாட வந்தது காதலின் உறுதியை. ஆயினும் குரங்குக் குட்டி கற்க வேண்டியது ஒன்றுண்டு, தாய் இல்லாதவிடத்து அதைக் கற்பிக்கும் பொறுப்பு சுற்றத்தைச் சாரும் என்ற கூர்ந்த நோக்கு அதனுள் அடங்கியுள்ளது. திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில், சகோதரனைக் கொன்றுவிட்டுச் சடலத்தை என்செய்வதென்று அறியாது நின்ற ஆதமின் (அலை) மகனுக்கு, மண்ணைக் கிளறிக் காட்டிய காகம் அடக்கம் செய்யும் முறையை உணர்த்துகிறது. ஆறாம் அத்தியாயமோ, பூமியில் வாழும் விலங்குகளும் சிறகடித்துப் பறப்பனவும் மனிதரைப் போன்ற சமூகங்களே என்னும் கருத்தைத் தருகிறது. விலங்கைத் தனி உடலாக அன்றிச் சமூகமாகப் பார் என்ற அறிவுரையை இன்றைய ஆய்வாளர் தம் வழியில் வந்தடைந்துள்ளனர்.

நமக்கு அண்மையிலும் சான்றுகள் உள. மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்கு, கம்பளிப்புழுவின் சுணையை இலையால் தேய்த்து நீக்கிவிட்டு உண்பது 1988இல் பதிவாயிற்று. பெரிய நிக்கோபார்த் தீவின் நீள்வால் குரங்குகள் உணவை இலையாற் துடைப்பதையும், தேங்காயைப் பாறையில் மோதி உடைப்பதையும் கோயம்புத்தூரிலுள்ள சலீம் அலி மையத்தின் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், தாய்லாந்தின் அந்தமான் கரையோரத் தீவுகளை 2005இல் பார்வையிடச் சென்ற ஆய்வாளர்கள், அங்குள்ள நீள்வால் குரங்குகள் கூரிய கல்லால் பாறையில் ஒட்டிய சிப்பிகளை உடைத்துத் தின்பதைக் கண்டனர். வற்றுக் காலத்தில் முருகைக்கற் பாறையிடையே சிப்பி பொறுக்கும் தீவக மக்கள் அக்காட்சியை எளிதில் மனக்கண்ணில் காண்பர்.

அறுந்த தொடர்

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். தை காட்டில் மண்ணுக்கடியிற் கிடைத்த, சிம்பன்சிகள் பயன்படுத்திய கற்கருவிகளின் வயது ஏறத்தாழ 4,300 ஆண்டுகள் என்று 2007இல் அறிவிக்கப்பட்டது. நாற்பத்து மூன்று நூற்றாண்டுகளாகத் தாயிடமிருந்து குட்டிக்கு இறங்கிவந்த ஒரு தொழில் அது. அவ்வாறான ஒன்று எவ்வளவு விரைவில் அழியக்கூடும் என்பதற்குப் பொசூ சான்று. ஏறத்தாழ இருபதாக இருந்த அக்கூட்டத்தில் 2003இல் பரவிய சுவாச நோய் ஐந்து உயிர்களைக் கொண்டுசென்றது. அதன்பின் எண்ணிக்கை தேய்ந்து ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. கல்லும் அங்கேயே கிடக்கிறது, கொட்டையும் காய்க்கிறது. பார்த்துக் கற்கக் குட்டிகளும், காட்டிக் கொடுக்கத் தாய்மாரும் அருகிவிட்டனர்.

இது ஓரிடத்து அவலமன்று. ஆபிரிக்காவெங்கும் 144 சிம்பன்சிச் சமூகங்களின் 31 வகை நடத்தைகளை ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. மனிதரின் தலையீடு மிகுந்த பகுதிகளில் அவ்வகை நடத்தைகள் காணப்படுவதற்கான வாய்ப்பு 88 வீதம் குறைந்திருப்பதை அது காட்டியது. காடு துண்டுபடும்போது விலங்கின் தொகை மட்டும் குறைவதில்லை. உயிரோடு எஞ்சியவற்றின் அறிவும் குறைகிறது. மீதமிருப்பது சிம்பன்சியே, ஆனால் தன் முன்னோர் அறிந்ததை அறியாத சிம்பன்சி.

இவ்விடத்தில் தீவகத்தை நினையாதிருக்க இயலவில்லை. மக்களை விலங்கோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. மனிதனுக்கு எழுத்துண்டு, பேச்சுண்டு, நூலுண்டு. இழந்ததை மீட்கும் வழிகள் அவனுக்குப் பல. எனினும், கைத்தொழில் என்பது நூலுக்குள் முழுமையாக அடங்குவதில்லை. அது இன்றும் அருகிருந்து பார்க்கும் கண்ணையும் திருத்தும் கையையும் நம்பியே வாழ்கிறது. நெடுந்தீவில் சாந்தின்றி முருகைக்கற்களை ஒன்றோடொன்று பொருத்தி வேலி எழுப்புவதை எந்தப் பாடநூல் சொல்லித்தரும்? எந்தக் கல் எதன்மேல் அமரும் என்பது கைக்குத் தெரியும்; வாய்க்குச் சொல்லத் தெரியாது. சார்வோலையை வார்ந்து கடகம் இழைத்தல், துலா மிதித்தல், நீரோட்டம் அறிந்து களங்கண்டி அமைத்தல், மூச்சடக்கிச் சங்கு குளித்தல், வள்ளத்தின் பலகைகளை நீர் புகாது இணைத்தல் ஆகிய யாவும் அவ்வகையினவே.

1990களின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் போரும் தொழிலின்மையும் நீர்ப்பஞ்சமும் பிள்ளைகளின் கல்வித் தேவையும் பலரைச் சிறிது சிறிதாக வெளியே அனுப்பின. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்களோடு அவர்களது தையற்கலையும் வணிக நுட்பமும் கடலறிவும் இம்மண்ணை விட்டுச் சென்றன. புத்தளத்து முகாமில் வளர்ந்த பிள்ளையும் ரொறன்ரோவின் மாடிவீட்டில் வளர்ந்த பிள்ளையும் ஒரே இழப்பின் இரு பக்கங்கள். இருவருக்கும் பாட்டனின் தொழிற்பெயர் தெரிந்திருக்கலாம். பாட்டனின் கை எப்படி அசைந்தது என்பது தெரியாது. வீட்டையும் காணியையும் இழந்தோர் பட்டியல் எழுதப்பட்டது, நட்டஈடு பேசப்பட்டது. கைவிட்டுப்போன தொழிலறிவுக்குப் பட்டியல் எழுதியோர் எவரும் இலர்.

சிம்பன்சி ஆய்வு இதற்குச் சில வழிகளையும் காட்டுகிறது. முதலாவது, கற்கும் பருவம் காத்திருக்காது. தீவகக் கல்வி வலயத்துப் பாடசாலைகள், பன்னம் இழைப்போரையும் வலை பின்னுவோரையும் வள்ளம் திருத்துவோரையும் கண்காட்சி நாளில் ஒரு முறை அழைத்துப் பொன்னாடை போர்த்துவதோடு நிற்காமல், சிறு வகுப்புப் பிள்ளைகளை ஒரு தவணை முழுவதும் அவர்களருகே அமர்த்த வேண்டும். இரண்டாவது, கருவியைக் கையில் கொடுக்க வேண்டும். கூவாலூகோத் தாய் தன் உணவை இழந்தே தண்டைக் குட்டியிடம் கொடுக்கிறது. கற்பிக்கும் கைவினைஞரின் நாட்கூலியை யார் ஈடுசெய்வது என்ற கேள்விக்கு விடை காணாமல் மரபைக் காப்போம் என்று மேடையில் முழங்குவதிற் பயனில்லை. வெளிநாடுகளிலுள்ள ஊர்ச் சங்கங்கள் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் அனுப்பும் நிதியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். மூன்றாவது, அறிந்த ஒருவர் திரும்பி வந்தாலே கூட்டம் கற்கும். ஆகவே மீளக்குடியேற விரும்பும் ஒவ்வொரு குடும்பமும், தமிழராயினும் முஸ்லிமாயினும், காணி உறுதியோடு மட்டுமன்றி ஓர் அறிவோடும் திரும்புகிறது என்று கருதி வரவேற்கப்பட வேண்டும்.

ஒளிப்பதிவு செய்துவைத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். பதிவு செய்வது நன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் அதை முறையாகச் செய்ய வேண்டும். ஆனால், கல்லும் கொட்டையும் வழியிலே வைக்கப்பட்டும் செரிங்பாராச் சிம்பன்சிகள் உடைக்கக் கற்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. பொருள் இருந்தால் மட்டும் போதாது. பிழையாக அடிக்கும்போது பொறுமையோடு பார்த்திருக்கும் ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

குறிகாட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறும் முதியோர் தொகை ஆண்டுதோறும் குறைகிறது. அவர்களுள் ஒவ்வொருவரும், நூலில் ஏறாத ஒரு தொழிலின் கடைசிக் கண்ணியாக இருக்கக்கூடும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, கற்கும் வயதிலுள்ள பிள்ளை ஒன்றை அவர்களருகே உட்கார வைப்பது நம் கடமை.